எங்க ஊர்ல இப்படி இல்லீங்க

'எங்க ஊர்ல'க்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடித் திறந்து, "நல்லாதான் இருக்குது, ஆனா எங்க ஊர்ல..." என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். அவர் ஊரில் கத்தரிக்காய் இதைவிடப் பிஞ்சு. அவர் ஊரில் மழை நேரத்துக்குப் பெய்யும். அவர் ஊரில் கரண்டு போனால்கூடச் சொல்லிவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு இவர் ஏன் இங்கே வந்து நம் உயிரை வாங்குகிறார்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் பதில் 'எங்க ஊர்ல' என்றுதான் தொடங்கும்.

இந்த இனத்தின் ஒரு விசேஷம், தான் நிற்கும் ஊரை அது ஒருநாளும் 'எங்க ஊர்' என்று சொல்லாது. விட்டு வந்த ஊர்தான் எப்போதும் அதன் ஊர். இதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்து, அவருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு தேசத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வேண்டுமென்றே யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் ரிஷபநாதனுக்கு அப்படித்தான் ஆயிற்று.

ரிஷபநாதன் பிறந்து வளர்ந்தது திண்டிவனம், சமணர்களான நயினார் குடும்பம். பெண்ணெடுத்தது விழுப்புரம். மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லாததால், நேருஜி வீதியில் இருந்த பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்ள விழுப்புரத்துக்கே வந்துவிட்டார். வந்து முப்பத்திரண்டு வருஷம். அந்த முப்பத்திரண்டு வருஷமும், கடைக்கு வருகிறவர் போகிறவர், குடம் வாங்குகிறவர், ஓட்டைக் குடத்துக்கு ஈயப்பற்று வைக்க வந்தவர், வழி கேட்க நின்றவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரிடமும் அவர் திண்டிவனத்தைப் பற்றியே பேசினார். விழுப்புரத்துத் தண்ணீரில் பருப்பு வேகாது. விழுப்புரம் ஜங்ஷன் சத்தத்தில் மனிதன் தூங்க முடியாது. விழுப்புரத்து வெயில் மண்டையைப் பிளக்கும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, திண்டிவனத்தில் அடிப்பது மட்டும் என்ன, வேறு சூரியனா? ஆமாம் என்பார் ரிஷபநாதன்.

இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி தர்மதேவி. விழுப்புரம் அந்த அம்மாள் பிறந்த ஊர். ஒரு வார்த்தை பேச மாட்டார். அடுப்பில் கடுகு மட்டும் கொஞ்சம் உரக்க வெடிக்கும்.

இவர்களுடைய ஒரே மகள் சன்மதி. வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஆடும் வடதுருவ ஒளியை ஆராய்கிற படிப்பைப் படித்துவிட்டு, அந்த ஒளி எங்கே தெரியுமோ அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, பத்து வருஷமாக நார்வே நாட்டின் வடகோடியில் டிரோம்சோ என்ற ஊரில் இருக்கிறாள். அவள் கணவன் தர்மேஷ், மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பையன், அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. சன்மதி முழுகாமல் இருந்தபோது, அப்பாவும் அம்மாவும் ஒன்பது மாதம் வந்து தங்கும்படி விசா எடுத்தாள். கடையை மைத்துனி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூன் மாதத்தில் இருவரும் விமானம் ஏறினார்கள். டிரோம்சோ என்ற பெயர் விழுப்புரத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. "நயினார் டிரம்செட்டுக்குப் போயிருக்காரு" என்றே கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் காலை. தர்மதேவி காப்பி கலந்துகொண்டிருந்தார். ரிஷபநாதன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்னா ஊரும்மா இது. எங்க விழுப்புரத்துல இந்நேரத்துக்கு எப்படி ஜேஜேன்னு இருக்கும்!"

தர்மதேவி கையிலிருந்த டம்ளர் நழுவிக் காப்பி முழுக்கத் தரையில் போயிற்று. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து 'எங்க விழுப்புரம்' என்ற வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. எங்க விழுப்புரத்தில் தண்ணீர் தேனாக இருக்கும். எங்க விழுப்புரத்தில் ஜங்ஷன் ரயில் சத்தம் தாலாட்டு மாதிரி. வெயிலா? அதெல்லாம் உடம்புக்கு நல்லதம்மா.

டிரோம்சோ பஸ்ஸில் ஒருநாள் தனியாக ஏறினார். நாற்பது இருக்கை. ஒரே ஒரு பயணி. ரிஷபநாதன் என்ன செய்வார்? நேராகப் போய் அந்த மனிதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்று இங்கிலீஷில் விசாரித்தார். அடுத்த நிறுத்தத்திலேயே அந்த மனிதன் கொட்டுகிற மழையில் இறங்கி நின்றான்.

"பாவம், நல்ல மனுசன். அதுக்குள்ள அவன் ஸ்டாப்பு வந்துடுச்சு" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"அது அவன் ஸ்டாப்பு இல்லப்பா" என்றாள் சன்மதி. "உங்ககிட்டேருந்து தப்பிச்சு எறங்கியிருக்கான். இங்க காலி சீட்டு இருந்தா யாரும் ஒட்டி உக்கார மாட்டாங்க."

"எங்க ஊர்ல இப்படி இல்ல" என்றார் ரிஷபநாதன்.

பக்கத்து வீட்டில் மாரித் என்றொரு பெண் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. பழகிக்கொள்ளலாம் என்று ஒருநாள் இவர் ஒரு கிண்ணம் சுண்டலோடு போய்க் கதவைத் தட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் வாசலில் நின்றதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். சுண்டல் என்று இவர் சொல்ல, அது ஏதோ வியாதியின் பெயர் என்று அவள் நினைத்துக்கொள்ள, தர்மேஷ் ஓடிவந்து விளக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இதெல்லாம் சில்லறை. ரிஷபநாதனுக்கு உண்மையான சோதனை மேலே வானத்தில் காத்திருந்தது.

பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த விரதம். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், சூரியன் விழுவதற்குள் கை கழுவிவிடுவார் ரிஷபநாதன். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. டிரோம்சோவிலோ ஜூன் மாதத்தில் சூரியன் விழுவதே இல்லை. வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, இறங்க மாட்டேன் என்கிறது. முதலில் அவருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஆறு மணிக்குச் சாப்பிட்டார். பசி எடுத்ததும் எட்டு மணிக்கு இன்னொரு தோசை கேட்டார். தர்மதேவி முறைத்தார்.

"பொழுதுதான் இன்னும் சாயலையே!"

"பசிச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. சூரியனை எதுக்கு சாட்சிக்கு இழுக்கறீங்க?"

செப்டம்பரில் சன்மதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாட்கள் சுருங்கத் தொடங்கின. சாப்பாட்டு நேரம் ஐந்தாயிற்று, நான்காயிற்று, மூன்றாயிற்று. நவம்பர் கடைசியில் ஒருநாள் சூரியன் வரவே இல்லை. நடுப்பகலில் மலைக்குப் பின்னால் கொஞ்சம் நீல வெளிச்சம் காட்டிவிட்டு அப்படியே அணைந்துபோயிற்று. இனி இரண்டு மாதம் இப்படித்தான் என்றான் தர்மேஷ்.

ரிஷபநாதன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. பொழுதே விடியாத ஊரில் விரதக்காரன் எப்போது சாப்பிடுவது? இப்படியொரு சந்தேகம் அவர் பரம்பரையில் யாருக்குமே வந்ததில்லை. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான் குடித்தார். மறுநாளும் தட்டைத் தொடவில்லை. இப்போது அவர் 'எங்க ஊர்ல' என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

தர்மதேவி சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ராத்திரில ஏன் சாப்பிடக் கூடாதுன்னு வச்சாங்க?"

"ஏன்?"

"வெளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழுந்து சாவக் கூடாதுன்னு. எலையில விழுந்தது தெரியாம நம்ம வாயில போவக் கூடாதுன்னு. இந்தக் குளிர்ல ஒரு பூச்சியக் காட்டுங்க பாப்போம். அதுங்களுக்கு நம்மள விட விவரம், ஒண்ணுகூட இந்த ஊருக்கு வரல. நம்ம வீட்டுக் கடிகாரத்துல ஆறு மணிக்குள்ள சாப்பிட்டுடுவோம். சூரியன் லீவு போட்டா நாமளும் பட்டினியா கெடக்கணுமா? வாயைத் தொறங்க."

தொறந்தார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டபோது அவர் கண் கலங்கியதாகத் தர்மேஷ் சொன்னான். ரசத்தில் காரம் அதிகம் என்று அவர் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று உங்களுக்கே தெரியும்.

வயிறு நிறைந்ததும் வாய்க்குத் தெம்பு வந்துவிட்டது. அங்கே குழந்தைகளைக் கம்பளியில் நன்றாகச் சுற்றி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வீட்டுக்கு வெளியே குளிர்காற்றில்தான் தூங்கப் பண்ணுவார்கள். நன்றாகத் தூங்கும், சளி பிடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. சன்மதியும் அப்படியே செய்தாள். பிறந்து மூன்று மாதமான பேத்தி பால்கனியில், சுற்றிலும் பனி, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. ரிஷபநாதனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? மகள் வெளியே தள்ளுவாள், இவர் உள்ளே இழுப்பார். மாப்பிள்ளை தள்ளுவான், இவர் இழுப்பார். அந்த வண்டியின் சக்கரம் ஒரு வாரத்திலேயே கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது.

டிசம்பரில் ஒரு பிற்பகல். சன்மதியும் தர்மேஷும் கடைக்குப் போயிருந்தார்கள். தர்மதேவி குளித்துக்கொண்டிருந்தார். ரிஷபநாதன் வண்டியை உள்ளே இழுத்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். போட்டிருந்த கம்பளி போதாதென்று தன் சால்வையைச் சுற்றினார். அதன்மேல் ஒரு போர்வை. தலைக்கு, விழுப்புரத்திலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாய். பிறகு, ஒரு ஜீவனைக் காப்பாற்றிய நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் திரும்பியபோது குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்பெல்லாம் வேர்வை, கழுத்தெல்லாம் தடிப்பு. சன்மதி கம்பளிகளை உருவினாள். தர்மேஷ் மருத்துவமனைக்கு போன் போட்டான். நர்ஸ் பொறுமையாக எல்லாம் கேட்டு, துணியைத் தளர்த்தி பால் கொடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அரை மணியில் குழந்தை சரியாயிற்று. சன்மதிதான் சரியாகவில்லை.

"எங்க ஊர்ல குழந்தைய..." என்று ரிஷபநாதன் வாயெடுத்தார்.

"போதும்ப்பா." சன்மதி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "வந்து ஆறு மாசமாவுது. பஸ்ஸு சரியில்ல, பாலு சரியில்ல, மனுசங்க சரியில்ல, வானம்கூட சரியில்ல. பத்து வருஷமா நான் இங்கதான்ப்பா வாழ்ந்துகினு இருக்கேன். நீங்க ஊரைச் சொல்றதா நெனச்சிகினு இருக்கீங்க. எனக்கு என் வாழ்க்கையே தப்புன்னு சொல்ற மாதிரி கேக்குது. ஒண்ணே ஒண்ணு, இங்க ஒண்ணாவது நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. அப்பதான் நான் நல்லா இருக்கேன்னு நீங்க நம்பறீங்கன்னு எனக்குத் தெரியும்."

ரிஷபநாதன் மனைவியைப் பார்த்தார். இந்த மாதிரிச் சமயத்தில் மனைவி நம் பக்கம் பேசுவார் என்று நம்புவது ஆண்களின் பழைய வழக்கம்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் தர்மதேவி. "அவ ஆறு மாசம் கேட்டா. நான் முப்பத்திரெண்டு வருஷம் கேட்டேன். எங்க அப்பா ஊரு, எங்க அப்பா கடை, நீங்க சோறு தின்ன ஊரு. ஒருநாள், ஒரே ஒருநாள், விழுப்புரம் நல்லா இருக்குதுன்னு அங்க இருந்தப்ப சொன்னீங்களா?"

ரிஷபநாதன் எழுந்து போய், முடிவில்லாமல் இருட்டாக இருந்த ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைத் தவிர எல்லோருக்கும் தன் குணம் இவ்வளவு நாளாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் பிற்பகல் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தக் கம்பளிய எப்படிச் சுத்தணும், ஜல்தி ஒருவாட்டி சொல்லிக் குடுங்க."

சொல்லிக்கொடுத்தான். அவரே சுற்றி, அவரே வண்டியைப் பால்கனிக்குத் தள்ளினார். ஆனால் உள்ளே வரவில்லை. இரண்டு ஜாக்கெட், இரண்டு ஜோடி காலுறை, அதே குரங்குக் குல்லாய் சகிதம், வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நம்பிக்கை வேறு, காவல் வேறு அல்லவா? மூன்றாம் நாள் பக்கத்து பால்கனியில் மாரித் தன் குழந்தையின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இவர் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கோப்பைக் காப்பியோடு வந்து கைப்பிடிக்கு மேலாக நீட்டினாள். தன் குழந்தையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அன்று முதல் அவருக்கு இரண்டு குழந்தைகள், தினம் ஒரு காப்பி. காப்பியில் சர்க்கரை இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஜனவரி இருபத்தோராம் தேதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியன் திரும்பி வருகிற நாள். அந்த ஊரே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாத்தாக்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோர் கையிலும் ஜாம் வைத்த இனிப்பு ரொட்டி. முகமெல்லாம் தெற்கு மலையைப் பார்த்தபடி. ரிஷபநாதனுக்காகச் சன்மதி முட்டை சேர்க்காமல் வீட்டிலேயே செய்து எடுத்துவந்திருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு மலைக்கு மேலே ஒரு பொட்டு நெருப்பு எட்டிப்பார்த்தது. மொத்த ஊரும் கைதட்டியது. பஸ்ஸிலே பேசாத அந்த ஜனங்கள், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாரித் ரிஷபநாதனையும் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் கையில் ரொட்டியோடு மரம்போல நின்றார்.

அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தார்.

சன்மதியின் முகம் விழுந்துவிட்டது. தர்மேஷ் பூட்ஸைப் பார்த்தான்.

"எங்க ஊர்ல பொங்கலன்னிக்கு இவருக்கு ஒரு கும்பிடு போடுவோம். சித்திரை வந்தா வாய்க்கு வந்தபடி திட்டுவோம். இவங்க ரெண்டு மாசம் காத்துக்கெடந்து கைதட்டறாங்களேம்மா. நல்ல ஜனங்கம்மா. நல்ல ஊரு."

சன்மதி அந்தக் கூட்டத்தின் நடுவில் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சூரியன் நான்கு நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இத்துடன் அவர் திருந்திவிட்டார் என்று முடித்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் மார்ச் மாதம் விழுப்புரத்துக்குத் திரும்பினாரே!

"அங்கெல்லாம் வரிசைன்னா ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவுல ஒரு மாடு படுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஜங்ஷன் டிக்கெட் வரிசையில் இடைவெளி விட்டு நின்றார். அந்த இடைவெளியில் ஆறு பேர் புகுந்தார்கள், ரயில் போய்விட்டது. திருவாமாத்தூரிலிருந்து மகள் கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்த கோவிந்தம்மாள் விலையைக் குறைக்கச் சொன்னபோது, "அங்கெல்லாம் யாரும் பேரமே பேச மாட்டாங்கம்மா" என்றார். "அங்க யாருக்கும் கல்யாணம் காட்சியே இல்லியா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் அடுத்த கடைக்குப் போனார். மைத்துனி மகனின் மனைவி கலைமதி, கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் படாத பாடு படுவதைப் பார்த்து, "வெளிய போடும்மா, அங்கெல்லாம் வெளியதான்" என்று யோசனை சொன்னார். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இன்னா பெரியப்பா, புள்ளைய வடாம் மாதிரி காயப்போட சொல்றீங்களா?" என்றாள் கலைமதி.

திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுக்க, இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் வீட்டு வாசலில் நின்று, வரலாமா என்று போன் செய்தார். அண்ணன் அந்த வாசலிலேயே பல் துலக்கிக்கொண்டிருந்தார். "டேய், பேஜாரு பண்ணாத, உள்ள வாடா" என்று வாயில் நுரையோடு கத்தினார்.

தர்மதேவி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு விழுப்புரத்தைத் திண்டிவனத்தோடு ஒப்பிடுவது நின்றுபோயிருந்தது. நார்வேயிடம் தோற்பதில் அந்த அம்மாளுக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

போன வாரம் சன்மதி போனில் பேசினாள். குழந்தை நடக்கிறதாம். தர்மேஷுக்குப் பதவி உயர்வாம். பிறகு போகிறபோக்கில், "எங்க ஊர்ல இந்த வருஷம் பனி லேட்டுப்பா" என்றாள்.

எங்க ஊர்ல! ரிஷபநாதன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். தன் மகள் திண்டிவனத்தையோ விழுப்புரத்தையோ சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் நிற்கிற ஊரையே சொல்கிறாள். அவருக்கு ஒருநாளும் வராத வித்தை அது.

"உங்க ஊர்ல பனி பெய்யும்மா" என்றார் மெதுவாக. "அதெல்லாம் நல்ல ஊரு."

ரிஷபநாதன் கதை இவ்வளவுதான். இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயோ, பஸ் கட்டத்திலோ சுண்டல் கட்டத்திலோ நீங்கள் லேசாகச் சிரித்து, "இவர் என்ன பெரிய ஆளு, எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட இவரெல்லாம் நிக்க முடியாது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா? எனக்குக் கேட்டது.